ஒழுக்கம் வந்துவிடும் என்கிறார்கள்

என் மகள் பள்ளியில் என்.சி.சி.யில், அதாவது தேசிய மாணவர் படையில், சேர்ந்திருக்கிறாள் என்று சொன்னால் எங்கள் புதுச்சேரியில் இரண்டு விதமான பதில்கள் கிடைக்கின்றன. "பெண் பிள்ளைக்குத் துப்பாக்கி எதற்கு?" என்பது ஒன்று. அதை நான் பொருட்படுத்துவதில்லை. அந்தப் படையில் பெண்களுக்கான பிரிவு 1949இலேயே வந்துவிட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு இனி என்னுடையது அல்ல. இன்னொரு பதில்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. "நல்ல காரியம் செய்தீர்கள். ஒழுக்கம் வந்துவிடும். இனிமேல் சொன்ன பேச்சைக் கேட்பாள்." பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். பள்ளி வாசலில், டியூஷன் வாசலில், உறவினர் வீட்டுக் காதுகுத்தில் என எங்கு போனாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொள்கிறார். மகன் செல்போனை விட்டு எழுந்திருக்க மறுக்கிறான் என்று அழுத ஒரு தாய், "பத்து நாள் கேம்ப்புக்கு அனுப்பினால் திமிர் அடங்கிவிடும் இல்லையா?" என்று என்னிடம் ஆவலோடு கேட்டார். அவருடைய சோர்வு எனக்குப் புரிந்தது. பதின்மூன்று வயதில் திடீரென்று கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளையை வைத்துக்கொண்டு எந்தத் தாய்க்குத்தான் சோர்வு வராது? ஆனாலும் அவர் கேட்டதற்கு ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிள்ளை நம் சொல்லைக் கேட்க மறுக்கும்போது, யாருடைய சொல்லையாவது கேட்டால் போதும் என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறோம். அந்த 'யாரோ' சீருடை அணிந்திருந்தால் நமக்கு இன்னும் நிம்மதி. 2023 ஆகஸ்டில் மகாராஷ்டிர மாநிலம் தானேயிலிருந்து ஒரு வீடியோ வந்து நாடெங்கும் பரவியது. கொட்டும் மழையில், தேங்கிய நீரில், மாணவர் படைப் பயிற்சியில் இருந்த பையன்கள் தண்டனை நிலையில் வரிசையாகக் கிடக்கிறார்கள். ஒருவன் கழியை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக அடித்துக்கொண்டே போகிறான். அடித்தவனும் மாணவன்தான், சீனியர். அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் எல்லாரும் அடித்தவனைத் திட்டினார்கள். என் கண் அடி வாங்கியவர்கள் மீதே இருந்தது. அந்தப் பிள்ளைகளின் வீட்டிலும் யாராவது "சொன்ன பேச்சைக் கேட்பான்" என்று மகிழ்ந்திருப்பார்கள் அல்லவா?

இதை எழுதுவதால் நான் மாணவர் படைக்கு எதிரானவள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மகள் சேர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. அந்த மகிழ்ச்சியும் இந்தக் கலக்கமும் ஒரே நெஞ்சில் எப்படிக் குடியிருக்கின்றன என்பதைத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

வெள்ளம் வந்த காலை

அவள் சேர்ந்ததற்குக் காரணம் நானோ அவளுடைய அப்பாவோ அல்ல. ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 இரவு அது புதுச்சேரி அருகே கரையைக் கடந்துவிட்டு நகராமல் அங்கேயே நின்றதும், மறுநாள் காலைக்குள் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதும் நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுப் படிவரை தண்ணீர் வந்து நின்றுவிட்டது. கிருஷ்ணா நகரில் இருந்த என் நாத்தனார் வீட்டில் தரைத்தளம் முழுகிவிட்டது. மகள் அந்த வாரம் அங்கேதான் இருந்தாள். சென்னையிலிருந்து ராணுவ வீரர்கள் வந்து படகுகளில் மக்களை ஏற்றிய காட்சியை அவள் மாடியிலிருந்து பார்த்திருக்கிறாள். எதிர்வீட்டில் நடக்க முடியாத ஒரு வயதான அம்மாவை ஒரு வீரர் தோளில் தூக்கிக்கொண்டு மார்பளவு தண்ணீரில் நடந்தாராம். அந்த அம்மாவுக்குப் பயம். வீரருக்குத் தமிழ் தெரியாது. அவர் நடக்கும்போதே எதையோ பேசிக்கொண்டே வந்தாராம், அந்த அம்மாவும் தமிழில் பதில் சொல்லிக்கொண்டே போனாராம். வீட்டுக்கு வந்த பிறகு மகள் இதை எத்தனை முறை சொன்னாள் என்று கணக்கில்லை. அடுத்த கல்வியாண்டு தொடங்கியதும், ஒன்பதாம் வகுப்பில், படிவத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

கையெழுத்துப் போட எனக்கு நாளாயிற்று. அதற்கும் காரணம் உண்டு. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் ஒரு போலி முகாமை நடத்தி, அதில் தங்கியிருந்த சிறுமிகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை எந்தத் தாய் மறக்க முடியும்? அந்தப் பள்ளிக்கும் மாணவர் படைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று பிறகு தெரிந்தது. சீருடை, விசில், "சார்" என்ற சொல், இவை இருந்தால் போதும், பள்ளியும் பெற்றோரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று அந்த முகாமை நடத்திய கயவனுக்குத் தெரிந்திருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடல் பதறுகிறது. ஆகவே நான் கேட்டேன். பள்ளிக்கு முறையாகப் பிரிவு ஒதுக்கப்பட்டிருக்கிறதா, எந்த பட்டாலியனின் கீழ் வருகிறது, பொறுப்பு ஆசிரியர் யார், முகாமில் பெண் அதிகாரிகள் இரவும் தங்குவார்களா, எல்லாவற்றையும் கேட்டேன். பொறுப்பாசிரியை முகம் சுளிக்கவில்லை. பெண் ஆசிரியர்கள் குவாலியரில் உள்ள பயிற்சி மையத்துக்குப் போய்ப் பயிற்சி முடித்த பிறகுதான் அவர்களுக்கு அந்தப் பொறுப்பு வழங்கப்படுகிறது என்பதை அவரே விளக்கினார். பட்டாலியன் அலுவலகத்தின் தொலைபேசி எண்ணையும் கொடுத்தார். கேள்வி கேட்ட தாயை மதித்த அந்த நடத்தைதான் என்னைக் கையெழுத்துப் போட வைத்தது.

அப்பாவின் காக்கிச் சட்டை

என் அப்பாவுக்கு இதில் உடன்பாடு இல்லை. வாய் திறந்து சொல்லவில்லை. பேப்பரை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும்.

அவர் சிதம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்த காலத்தில் என்.சி.சி. விருப்பப் பாடம் அல்ல. சீனாவுடனான 1962 போருக்குப் பிறகு, 1963 முதல் அதைக் கல்லூரிகளில் கட்டாயமாக்கியிருந்தார்கள். விடியற்காலையில் மைதானத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வருகைப் பதிவு போய்விடும். அவர் முதல் வருடத்தில் இருந்தபோதுதான், 1965 ஜனவரி 27 அன்று, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார். "எங்கள் வயதுப் பையனைச் சுட்டவர்கள் போட்டிருந்த அதே நிறத்தில் எங்களுக்கும் சட்டை கொடுத்து நிற்க வைத்தார்கள் அம்மா. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்க்கக் கூசும்" என்று அப்பா ஒருமுறை சொல்லியிருக்கிறார். 1968 ஜனவரியில் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, மாணவர் படையில் இந்தி ஆணைச் சொற்கள் கூடாது என்று சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. அதே ஆண்டு கட்டாயம் என்பதும் நீக்கப்பட்டது. அப்பாவின் தலைமுறைக்கு இவையெல்லாம் பாடப்புத்தகச் செய்திகள் அல்ல, உடம்பில் பட்ட விஷயங்கள். இன்று அவருடைய பேத்தி வராந்தாவில் நின்றுகொண்டு "சாவ்தான்", "விஷ்ராம்", "பீச்சே முட்" என்று இந்தியில் தனக்குத்தானே ஆணையிட்டுப் பயிற்சி செய்கிறாள். அவர் பேப்பரைத் தூக்கிப் பிடிக்காமல் என்ன செய்வார்?

ஆனால் ஒரு சனிக்கிழமை மாலை, அவள் ஷூவுக்குப் பாலீஷ் போட்டுத் தோற்றுக்கொண்டிருந்ததை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "இங்கே கொடு" என்று வாங்கினார். பழைய பனியன் துணியில் கொஞ்சம் பஞ்சை வைத்து முடிச்சுப் போட்டார். பாலீஷை மெல்லிய பூச்சாகத் தடவி, ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டு, ஷூவின் மூக்கில் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தார். அவசரப்படக் கூடாது, அழுத்தக் கூடாது, ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்தது. அரை மணி நேரத்தில் அந்தக் கறுப்பில் மேலே எரியும் டியூப் லைட் கோடாகத் தெரிந்தது. அறுபது வருடங்களுக்கு முன்னால் வெறுப்போடு கற்ற வேலை, விரல்களில் அப்படியே இருந்திருக்கிறது. மகள் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த ஷூவைத் தானே செய்தாள். அன்று முதல் பெல்ட்டின் பித்தளைக்குப் பிராசோ போடுவது அவர் வேலை, சட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போடுவது என் வேலை, பெரே தொப்பியை ஈரப்படுத்தித் தலைக்கேற்ப வடிவத்துக்குக் கொண்டுவருவது அவள் வேலை. "எனக்குக் கட்டாயம், அவளுக்கு விருப்பம். அந்த ஒரு வித்தியாசம் போதும்" என்று அப்பா பிறகு சொன்னார். ராஜேந்திரனைப் பற்றியும் அவளிடம் அவரே சொன்னார். சீருடையைப் போட்டுக்கொள்ளும் பிள்ளைக்கு, அந்த நிறத்தைக் கண்டு அஞ்சியவர்களும் இந்த மண்ணில் இருந்தார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதில் அப்பாவுக்கும் எனக்கும் ஒரே கருத்து.

வரிசை

முகாம் நகரத்துக்கு வெளியே ஒரு கல்லூரி வளாகத்தில் நடந்தது. பத்து நாள் முகாம். வகுப்பறைகளில் பாய் விரித்துப் படுக்கை. விடியும் முன்பே எழுந்து உடற்பயிற்சி. பிறகு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று காலைச் சாப்பாடு. அதன் பிறகு அணிவகுப்பு, வரைபடம் பார்ப்பது, பாயிண்ட் டூ டூ ரைபிளில் சுடும் பயிற்சி. செல்போன் கிடையாது. இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வந்து பார்க்கலாம் என்றார்கள். நானும் கணவரும் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்துக்கொண்டு போனோம். புங்க மரத்தடியில் எங்களுக்காகக் காத்திருந்தாள். மூக்குத் தோல் உரிந்திருந்தது. கறுத்திருந்தாள். தட்டை வாங்கக் கையை நீட்டியபோது கை நடுங்கியதைப் பார்த்தேன். பேனா பிடித்து நீண்ட நேரம் எழுதினால் வரும் நடுக்கம் இல்லை. தோளிலிருந்து இறங்கிய நடுக்கம்.

கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். சாப்பிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

முந்தைய நாள் உச்சி வெயிலில் அணிவகுப்புப் பயிற்சி. ஆணை வரும்வரை அசையாமல் நிற்க வேண்டும். வில்லியனூர் பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்த ஒரு பெண் இவளுக்கு இடப்பக்கம் நின்றாள். காலையில் சாப்பிட்டது சேராமல் வாந்தி எடுத்திருந்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. நீண்ட நேரம் நிற்கும்போது ஷூவுக்குள் கால் விரல்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், முழங்காலை விறைப்பாகப் பூட்டிவிடக் கூடாது, இல்லாவிட்டால் ரத்தம் காலிலேயே தங்கி மயக்கம் வரும் என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண் அதையும் மறந்துவிட்டாள் போலிருக்கிறது. ஓரக்கண்ணால் இவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்தப் பெண்ணின் நிழல் முன்னும் பின்னும் ஆடியது. பிறகு சட்டென்று நேராக முகம் குப்புற விழுந்தாள். கையை ஊன்றக்கூட இல்லை.

வரிசையில் யாராவது விழுந்தால் பக்கத்தில் நிற்பவர்கள் அசையக் கூடாது என்பது விதி. பின்னால் அதற்கென்று ஆட்கள் இருப்பார்கள். ஸ்ட்ரெச்சரோடு அவர்கள் வருவார்கள். பிள்ளைகளுக்கும் இது தெரியும். ஆனால் அன்று அவர்கள் மைதானத்தின் மறுகோடியில் இருந்தார்கள். இவள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்திருக்கிறாள். கீழே கிடந்தவளின் வாயருகே மண்ணில் ஈரம் பரவியிருக்கிறது. ரத்தமா எச்சிலா என்று தெரியவில்லை. அவ்வளவுதான், இவள் வரிசையை விட்டு விலகி, மண்டியிட்டு, அவளைப் புரட்டி, தொப்பியைக் கழற்றி, பெல்ட்டைத் தளர்த்தி, முகத்துக்கு நிழல் விழும்படி தன் உடம்பை வளைத்து உட்கார்ந்துகொண்டாள். பல் பட்டு உதடு கிழிந்திருந்ததாம். ஸ்ட்ரெச்சர் வந்தது, தூக்கிக்கொண்டு போனார்கள். பயிற்சி முடிந்ததும் இவளுக்குத் தண்டனை. பயிற்சிக்குப் பயன்படுத்தும் பழைய த்ரீ நாட் த்ரீ ரைபிளை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். அந்த ரைபிள் நான்கு கிலோ இருக்கும். என் மகளுக்கு வயது பதினான்கு.

நான் எழுந்துவிட்டேன். யார் அந்த ஆள், எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். கணவர் என் தோளைப் பிடித்தார். மகள் எழுந்திருக்கவில்லை, தட்டில் கையை வைத்தபடியே சொன்னாள்:

"அம்மா, உட்காருங்கள். வரிசையை விட்டுப் போகக் கூடாது என்று எனக்குத் தெரியும். போனால் ஓட வேண்டும் என்றும் தெரியும். தெரிந்துதான் போனேன். ஓடச் சொன்னார்கள், ஓடினேன். நாளைக்கு அவள் மறுபடியும் விழுந்தாலும் போவேன். மறுபடியும் ஓடச் சொன்னாலும் ஓடுவேன். நீங்கள் போய்ச் சண்டை போட்டால், நான் செய்தது என்னுடையதாக இருக்காது."

அவள் சொன்னது எனக்கு முழுமையாக விளங்கச் சில நிமிடங்கள் பிடித்தன. அவள் விதியை ஏற்றுக்கொண்டிருந்தாள், மீறியும் இருந்தாள், மீறியதற்கான விலையையும் கொடுத்திருந்தாள். முறையிடவில்லை, பெருமையும் பேசவில்லை. இந்தக் குழந்தையைத்தான் "சொன்ன பேச்சைக் கேட்பாள்" என்று ஊர் என்னிடம் வாழ்த்திக்கொண்டிருந்தது. அடங்கிப்போன பிள்ளையாக இருந்திருந்தால் அசையாமல் நின்றிருப்பாள். ஸ்ட்ரெச்சர் வரும்வரை அந்தப் பெண் மண்ணில் முகம் புதைத்துக் கிடந்திருப்பாள். அடங்காத பிள்ளையாக இருந்திருந்தால் ரைபிளைக் கீழே போட்டுவிட்டு எங்களோடு வீட்டுக்குக் கிளம்பியிருப்பாள். என் மகள் இரண்டும் இல்லை. இப்படி ஒரு மூன்றாவது இடம் உண்டு என்று எனக்கு அவள் காட்டும்வரை தெரியாது.

பொறுப்பாசிரியையிடம் பேசாமல் நான் திரும்பவில்லை. சண்டையாக இல்லை, கேள்வியாகத்தான் கேட்டேன். வரிசையில் நிற்கும் எல்லாரும் ஓடி வந்தால் விழுந்த பிள்ளைக்குக் காற்றே கிடைக்காது, கையில் ரைபிள் இருக்கும்போது ஆளுக்கொரு பக்கம் திரும்பினால் இன்னும் பேருக்கு அடிபடும், அதனால்தான் அந்த விதி என்று அவர் சொன்னார். அதில் நியாயம் இருக்கிறது, ஏற்றுக்கொண்டேன். "அப்படியானால் ஸ்ட்ரெச்சர் ஏன் அவ்வளவு தூரத்தில் இருந்தது?" என்றேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் முதல் அணிவகுப்புக்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையிடமும் சாப்பிட்டாயா, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள் என்றும், ஸ்ட்ரெச்சரை மைதானத்தின் நடுப்பக்கமாக நகர்த்தி வைத்தார்கள் என்றும் மகள் பிறகு சொன்னாள். தண்டனையைப் பொறுத்தவரை என் கருத்து மாறவில்லை. வெயிலில் நின்று களைத்த சிறுமியை நான்கு கிலோவைத் தூக்கிக்கொண்டு ஓடவிடுவது தவறு. பள்ளியில் பிள்ளைகளை உடல் வருந்தத் தண்டிக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்லும்போது, பள்ளியின் பெயரால் நடக்கும் மைதானத்துக்கு மட்டும் அந்த எண்ணம் பொருந்தாமல் போகாது. மகள் அதை ஏற்றுக்கொண்டாள் என்பதற்காக நானும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அவளுக்கு அது அவளுடைய விலை. எனக்கு அது பெரியவர்கள் யோசித்திருக்க வேண்டிய விஷயம். முகாம் முடிந்த பிறகு, இதைக் கடிதமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். மகளிடம் காட்டிவிட்டுத்தான் கொடுத்தேன்.

துறைமுகங்களின் பெயர்கள்

இந்த ஊரில் படை என்ற பேச்சு எடுத்தாலே எனக்கு நினைவுக்கு வருபவர் ஆயாவின், அதாவது என் பாட்டியின், தம்பி. எங்களுக்குச் சின்னத் தாத்தா. ஊருக்கு அவர் சொல்தா, அதாவது படைவீரர். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவிலும் பிறகு அல்ஜீரியாவிலும் இருந்தவர். 1962இல் புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்தது முழுமையானபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்களில் ஒருவர். மாதாமாதம் வந்த பென்சனில் மாடி எழுப்பினார், உறவில் மூன்று கல்யாணங்களை நடத்தி வைத்தார். ஜூலை 14 அன்று பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலையில் உள்ள போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார். நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் பின்னாலேயே போவோம். மாலையில் பெத்தாங் என்ற பிரெஞ்சுப் பந்து விளையாட்டு ஆடுவார். உறவுக்காரப் பையன்கள் அவரிடம் வந்து, "தாத்தா, அங்கே எப்படி இருந்தது?" என்று கேட்பார்கள். அவர் கப்பல் நின்ற துறைமுகங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வார். கொழும்பு, ஜிபூட்டி, சூயஸ், மார்சேய். அடுத்து சம்பளம் எவ்வளவு என்று சொல்வார். பையன்கள் திருப்தியாகப் போய்விடுவார்கள். காட்டில் என்ன நடந்தது, யாருக்கு எதிராக யாருக்காகத் துப்பாக்கியைத் தூக்கினார், அந்த நாட்டு மக்கள் தங்கள் விடுதலைக்காகத்தானே போராடினார்கள் என்று அவருக்குத் தோன்றியதா, இவற்றை யாரும் கேட்டதில்லை. அவருக்குச் சொல்ல விருப்பமில்லை என்று நினைத்தோம். கேட்டிருந்தால் சொல்லியிருக்கவும் கூடும்.

படைக்குப் போவது என்றால் இங்கே ஒன்று வருமானத்தின் பேச்சு, இல்லாவிட்டால் ஒழுக்கத்தின் பேச்சு. போகிற பிள்ளையின் மனத்தைப் பற்றிய பேச்சு கிடையாது. மாணவர் படையில் சேர்வது ராணுவத்தில் சேர்வது ஆகாது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி கேடட் யாரையும் போருக்கு அழைக்க முடியாது. அதைத் தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன். என்றாலும் அந்த மைதானத்திலிருந்து ராணுவத்துக்கு ஒரு பாதை போகிறது. பிள்ளைகள் அதைப் பார்க்கிறார்கள். கல்லூரியிலும் தொடர்ந்து சி சான்றிதழ் பெற்றால் அதிகாரி தேர்வுக்குத் தனி வழி இருக்கிறது. 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் பதினேழரை வயதிலேயே சேரலாம். நான்கு வருடம் கழித்து நான்கில் ஒரு பங்கு பேர் வரைதான் நிரந்தரமாக வைத்துக்கொள்ளப்படுவார்கள், மற்றவர்கள் ஒரு தொகையோடு வீடு திரும்ப வேண்டும். இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதில் திரும்பி வரும் பிள்ளை என்ன நினைப்பான் என்பதைப் பற்றி, தொகை எவ்வளவு என்று கணக்குப் போடும் வீடுகளில் பேசுகிறார்களா?

ஆகவே நான் பேசினேன். முகாமில் அவள் முதன்முறையாகச் சுட்டதைப் பற்றிக் கேட்டேன். மணல் மூட்டைமேல் கையை வைத்துக் குப்புறப் படுத்துச் சுட வேண்டும், குண்டுகள் எல்லாம் நெருக்கமாக ஓரிடத்தில் விழுந்தால் நல்ல மதிப்பெண் என்றாள். என்ன நினைத்தாய் என்றேன். "மூச்சை எங்கே நிறுத்துவது என்பதை மட்டும்தான் நினைத்தேன்." எதிரில் இருந்தது தாள், அது மனிதராக இருந்தால் என்ன நினைப்பாய் என்று கேட்டேன். நீண்ட நேரம் பதில் இல்லை. பிறகு, "சின்னத் தாத்தா யாரையாவது சுட்டாரா?" என்றாள். யாரும் கேட்கவில்லை என்றேன். "நீங்களும் கேட்கவில்லையா?" நான் அப்போது சிறுமி. ஆனால் பாரிஸ் பக்கத்தில் இருக்கும் அவருடைய மகனுக்கு, என் மாமாவுக்கு, அவளே வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினாள். அவருக்கும் தெரியவில்லை, அப்பாவின் பழைய படைப் பதிவேடு எங்கோ பெட்டியில் இருக்கிறது, தேடிப் பார்க்கிறேன் என்றார். தேடுகிறார்.

மகளுக்கு இப்போது என்.டி.ஏ., அதாவது படை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் தேசியப் பாதுகாப்பு அகாடமி, என்ற எண்ணம் வந்திருக்கிறது. 2025 மே 30 அன்று பெண்களின் முதல் அணி, பதினேழு பேர், அங்கே பயிற்சி முடித்து வெளிவந்த படத்தை வெட்டி மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறாள். அவளுடைய அப்பா கணக்குப் பாடத்தைக் காட்டுகிறார், அது இல்லாமல் அந்தத் தேர்வைத் தாண்ட முடியாது என்று. தாத்தா எதுவும் சொல்லாமல் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கும்போது பெருமையும் வயிற்றில் ஒரு கனமும் சேர்ந்தே வருகின்றன. இன்னும் இரண்டு மூன்று வருடங்கள் இருக்கின்றன. அதற்குள் அவள் மனம் மாறலாம், மாறாமலும் போகலாம். எதுவானாலும் அவளிடம் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

திமிர் அடங்குமா என்று கேட்ட அந்தத் தாய் போன வாரம் வீட்டுக்கு வந்தார். பையன் எட்டாம் வகுப்பு முடிக்கிறான், ஜூனில் சேர்த்துவிடலாம் என்றிருக்கிறார். பள்ளிக்கு உண்மையிலேயே பிரிவு ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பட்டாலியன் அலுவலகத்தில் கேளுங்கள், பொறுப்பாசிரியரை நேரில் பாருங்கள், முகாமுக்கு முன்னால் ஸ்ட்ரெச்சர் எங்கே இருக்கும் என்றுகூடக் கேளுங்கள் என்று சொன்னேன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பையனுக்கு விருப்பமா என்று கேட்டேன். அவனிடம் இன்னும் கேட்கவில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை பரேடு முடிந்து மகள் வரும் நேரத்துக்கு அவனை இங்கே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவன் கேட்க வேண்டியதை அவளிடமே கேட்கட்டும். மயங்கி விழுந்த பெண்ணைப் பற்றியும் சொல்லலாமா என்று மகள் கேட்டாள். சொல், ஓடியதையும் சேர்த்துச் சொல் என்றேன்.